வந்தியத்தேவனின் விளையாட்டு

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்தது. நூலின் பெயர் அருள்மொழிவர்மனைச் சுட்டுகின்றது. ஆயினும் கதையை நடத்திச் செல்பவன் வந்தியத்தேவனே. அரசுரிமைப் போட்டியும் சதியும் மலிந்த இந்நெடுங்கதையைச் சலிப்பின்றிப் படிக்கச் செய்வது அவனது விளையாட்டுத்தனமாகும்.

அரிசிலாற்றங்கரையில் மங்கையரைக் காக்கும் பொருட்டு அவன் முதலைமீது வேலெறிகின்றான். அதுவோ பஞ்சடைத்த உயிரற்ற முதலை! குந்தவையின் முன்னிலையில் அவன் வீரம் நகைப்புக்கிடமாகின்றது. காதற்றலைவனை இவ்வாறு நாணவைக்கும் துணிவு நம் சரித்திர நாவலாசிரியர்களிடம் அரிது.

இத்துணிவு கல்கிக்கு எளிதில் வாய்த்தமைக்குக் காரணமுண்டு. தஞ்சைப் பெரிய கோயிற் சாசனம் வந்தியத்தேவனைக் குந்தவையின் கணவனெனக் குறிக்கின்றது. அதற்கு மேல் வரலாறு அவனைப் பற்றிக் கூறுவது மிகச் சொற்பம். அவ்வெற்றிடத்தைக் குறும்பாலும் கூசாத பொய்யாலும் ஆசிரியர் நிரப்பினார். பின்னாளில் இராசராசனாக முடிசூடவிருக்கும் அருள்மொழியிடமோ அவர் கை தயங்கிற்றுப் போலும். யானைப்பாகனாக வேடம் பூணுமிடம் நீங்கலாக, அவன் பெரும்பாலும் பிழையறியாச் சிலையாகவே நிற்கின்றான்.

கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் மாண்டபின் பழி வந்தியத்தேவன்மேல் விழுகின்றது. பாதாளச் சிறையில் அவன் கிடக்கும்போதுதான், அதுவரை அவனோடு சிரித்துவந்த வாசகன் அவனுக்காக அஞ்சத் தொடங்குகின்றான்.