யாரிடம் கேட்டது? - நமது எழுத்தில் ஆதாரம் காட்டும் முறை குறித்து

உயர்தர வகுப்பு மாணவி ஒருவரின் செயற்றிட்டக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். இலங்கைச் சோனகர் 8ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து குடியேறிய ஹாஷிம் வம்சத்து அரபிகளின் வழித்தோன்றல்கள் என்பது ‘ஆய்வுகளால் நிரூபிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதியிருந்தார். ஓரத்தில் சிவப்பு மையால் ‘எந்த ஆய்வு?’ என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் கொப்பியோடு வந்து நின்றார்.

“சேர், எல்லாப் புத்தகத்திலயும் அப்பிடித்தானே ஈக்கி. நீங்களும் பள்ளி மலர்ல அதத்தானே எழுதி ஈக்கீங்க.”

பிள்ளை சொன்னது உண்மை. பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிவாசல் சிறப்பு மலருக்கு நான் எழுதிய கட்டுரையில் அதே வசனம் இருந்தது. அதற்கு நான் எந்த ஆய்வைப் பார்த்தேன்? ஒரு நூலைப் பார்த்தேன். அந்த நூலாசிரியர் வேறொரு நூலைப் பார்த்திருந்தார். தெஹியோவிட்டயில் இருந்துகொண்டு மூல நூல்களைத் தேடுவது லேசான காரியமல்ல. ஆனாலும் மாணவியின் கேள்வி என்னை விடவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றாகப் பின்னோக்கிப் போனேன். நான் கண்டதையும், அதனால் எனக்குப் பட்டதையும் வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இராமநாதனும் அஸீஸும்

சோனகரின் பூர்வீகம் பற்றிய விவாதத்தை எழுதும் எவரும் இரண்டு எழுத்துகளைக் கடந்து போக முடியாது. ஒன்று, அன்றைய சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரை. மற்றது, அதற்கு மறுப்பாக ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதி 1907இல் நூலாக வெளிவந்த விமர்சனம். இலங்கைச் சோனகர் மதத்தால் முஸ்லிம்களாயினும் இனத்தால் தமிழரே என்பது இராமநாதனின் முடிவு. அவ்வாறல்ல, அவர்கள் தனி இனத்தவர் என்பது அஸீஸின் வாதம்.

இந்த விவாதத்தை நாம் பெரும்பாலும் எப்படிச் சொல்லிவருகிறோம்? முஸ்லிம்களுக்குச் சட்டநிரூபண சபையில் தனிப் பிரதிநிதித்துவம் கிடைப்பதைத் தடுக்கவே இராமநாதன் அவ்வாறு வாதிட்டார். அஸீஸ் தக்க பதிலடி கொடுத்தார். இத்தோடு முடித்துக்கொள்கிறோம். 1889இல் எம்.சி. அப்துல் றஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டதை நினைத்தால், இராமநாதனின் கட்டுரை வாசிக்கப்பட்ட காலம் பற்றிய சந்தேகம் நியாயமானதே. ஆனால் ஒருவருடைய நோக்கம் கெட்டது என்று காட்டிவிட்டால் அவருடைய வாதம் பொய்யாகிவிடாது. நல்ல நோக்கத்தோடு சொன்னதெல்லாம் மெய்யாகிவிடுவதுமில்லை. வாதத்தை வாதமாகவே நிறுக்க வேண்டும்.

நிறுத்துப் பார்த்தால் இராமநாதன் ஒழுங்கோடுதான் எழுதியிருக்கிறார். மொழி, வரலாறு, சமூக வழக்கங்கள், உடல் தோற்றம் என்று தலைப்புப் பிரித்துச் சான்றுகளை அடுக்குகிறார். சோனகர் வீட்டில் பேசுவது தமிழ். கலியாணத்தில் தாலி உண்டு, கூறை உண்டு, சீதனம் உண்டு. இவை பொய்யான தகவல்கள் அல்ல. நம்முடைய பெரியம்மாமாரைக் கேட்டால் இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்வார்கள். பிழை தகவலில் இல்லை, தகவலிலிருந்து முடிவுக்குப் பாய்ந்த பாய்ச்சலில் இருக்கிறது. தாலியும் கூறையும் இரண்டு கதைகளுக்கும் பொருந்தும். தமிழர் இஸ்லாத்தைத் தழுவியபோது பழைய வழக்கத்தை விடாமல் வைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். வெளியிலிருந்து வந்தவர்கள் இங்கு மணம் முடித்துப் பெண்வீட்டு வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் பொருந்துகிற சான்று இரண்டில் எதையும் நிரூபிக்காது.

அஸீஸின் பலம் இந்த இடத்தில்தான். ஒரு மொழியைப் பேசுவதால் மட்டும் ஓரினம் இன்னோரினமாகிவிடாது என்று அவர் சுட்டிக்காட்டியபோது, இராமநாதனின் சான்றுகளை மறுக்காமலே அவற்றிலிருந்து எடுத்த முடிவை மறுத்தார். ஒரு விமர்சகன் செய்ய வேண்டிய வேலை இது. நமது சமூகத்தில் விமர்சன எழுத்துக்கு முன்னோடி தேடுபவர்கள் அஸீஸின் நூலை அந்தக் கண்ணோடு வாசிக்க வேண்டும்.

ஆனால் மறுப்பது ஒன்று, நிறுவுவது வேறொன்று. ‘நீங்கள் சொன்னது நிரூபணமாகவில்லை’ என்பதால் ‘நான் சொல்வது நிரூபணமாகிவிட்டது’ என்றாகாது. அரபு மூதாதையர் பற்றி அஸீஸ் தம் பக்கத்தில் சொல்லும் செய்திகள் பெரும்பகுதி மரபையும், பிறர் எழுதிவைத்த குறிப்புகளையும் நம்பியே நிற்கின்றன. அவருக்குப் பின் வந்த நாம் அவரது முறையை விட்டுவிட்டோம், முடிவை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

உதிர்ந்துபோன ஒரு தொடர்

ஹாஷிம் வம்சம் பற்றிய செய்தியைப் பின்தொடர்ந்தால், இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் வெளியிட்ட ஒரு கடிதத்தில் போய் முட்டுகிறோம். கலீபா அப்துல் மலிக் பின் மர்வானின் கொடுமையால் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபு நாட்டை விட்டு வெளியேறிய ஹாஷிம் குடும்பத்தினரில் ஒரு பகுதியினர் திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி முதலிய இடங்களில் குடியேறினர் என்று அவர் எழுதுகிறார். ஆனால் அவர் வெறுமனே அப்படிச் சொல்லவில்லை. அவர்களுடைய சந்ததியினரிடையே வழங்கும் மரபின்படி என்ற கருத்துப்பட ஒரு தொடரைச் சேர்த்தே சொல்கிறார்.

அந்தச் சிறு தொடர்தான் முழு வசனத்துக்கும் அடித்தளம். தாம் கேள்விப்பட்டதை ஜோன்ஸ்டன் கேள்விப்பட்டதாகவே பதிவு செய்தார். அவரை எடுத்தாண்டவர்களோ ‘ஜோன்ஸ்டன் கூறுகிறார்’ என்றார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் ‘வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர்’ என்றார்கள். நான் ‘நிரூபிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினேன். மரபு என்பது கூற்றானது, கூற்று ஆய்வானது, ஆய்வு நிரூபணமானது. ஒவ்வொரு கையிலும் ஒரு சொல் மாறியதைத் தவிர, இடையில் எவரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அப்துல் மலிக்கின் ஆட்சி 685 முதல் 705 வரை. ‘8ஆம் நூற்றாண்டின் தொடக்கம்’ என்பதற்கும் அவரது ஆட்சிக்கும் பொதுவாக இருப்பது சில வருடங்களே. செய்தி பொய் என்று இதனால் சொல்ல வரவில்லை. இவ்வளவு இலகுவாகச் செய்யக்கூடிய ஒரு சோதனையைக்கூட நான் செய்யவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இத்தனைக்கும் நம்மிடம் திடமான சான்று இல்லாமலில்லை. ஜோன்ஸ்டனின் கடிதத்தோடு சேர்த்து வெளியான கொழும்பு கூஃபி எழுத்துக் கல்வெட்டு ஒரு முஸ்லிமின் மீஸான் கல். அது 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கல் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, ஹிஜ்ரி ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் அரபு எழுத்தோடு நல்லடக்கம் செய்யும் ஒரு முஸ்லிம் சமூகம் கொழும்பில் இருந்தது என்று அந்தக் கல்லை வைத்துத் தைரியமாகச் சொல்லலாம். அவர்கள் எந்த வம்சம் என்று அந்தக் கல்லை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் அதன் மேல் ஏற்ற வேண்டும்.

‘நிபுணர் குழு சொன்னது’

இதெல்லாம் பழங்கதை, இதில் பிழை விட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு 2020ஐ ஞாபகப்படுத்துகிறேன்.

அந்த வருடம் ஏப்ரல் 11ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தல் கொவிட் தொற்றினால் மௌத்தானவர்களின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முந்திய மாதமே வழிகாட்டல் வெளியிட்டிருந்தது. எந்த ஆய்வு, யார் செய்தது, எந்த மண்ணில், எத்தனை நாளில், எவ்வளவு தூரம் வைரஸ் பரவியது என்று கேட்டபோதெல்லாம் வந்த பதில் ‘நிபுணர் குழு சொன்னது’ என்பதுதான். ஆதாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பதவிப் பெயர் உட்கார்ந்திருந்தது. 20 நாள் சிசுவின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது.

பேராசிரியை ஜெனிபர் பெரேரா தலைமையிலான குழு இரண்டு முறையையும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. இலங்கை மருத்துவச் சங்கமும் 2021 ஜனவரியில் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றது. இருந்தும் 2021 பெப்ரவரி இறுதியில்தான் வர்த்தமானி திருத்தப்பட்டது. மார்ச் 5ஆந் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. சாம்பலாகிப்போனவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மன்னிப்பு எவ்வளவு தாங்கும் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

தொற்றின் ஆரம்பத்தில் எச்சரிக்கையாக இருப்பது வேறு. ‘தெரியாததால் பயப்படுகிறோம்’ என்பது நேர்மையான வசனம். ‘தெரியும், மாசுபடும்’ என்பதற்கு ஆதாரம் தேவை. முதலாவது எப்போது இரண்டாவதாக மாறியது என்பதை எவரும் கவனிக்க விடப்படவில்லை. ஜோன்ஸ்டனின் மரபு என் கையில் நிரூபணமானதும் இதே விதமாகத்தான். ஒன்றில் நமக்குப் பெருமை கிடைத்தது, மற்றதில் நமது மையித்துகள் எரிந்தன. முறை ஒன்றேதான்.

நாமும் அந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை. எத்தனையோ நாடுகள் அடக்க அனுமதிக்கின்றன என்று வட்ஸ்அப்பில் எண்ணிக்கைகளைச் சுற்றவிட்டோம். ஒருவர் ஓர் எண் சொன்னார், மற்றவர் வேறோர் எண் சொன்னார். நியாயம் நம் பக்கம் இருந்ததால் எவரும் சரிபார்க்கவில்லை. நியாயம் நம் பக்கம் இருக்கும்போதுதான் அதிகம் சரிபார்க்க வேண்டும் என்று இன்று நினைக்கிறேன்.

நம்மிடமே இருந்த உரைகல்

வேதனை என்னவென்றால், இந்த முறையைக் கற்றுக்கொள்ள நாம் எங்கும் போக வேண்டியதில்லை. ஹதீஸ் கலை முழுவதும் ‘யாரிடம் கேட்டது?’ என்ற ஒரு கேள்வியின் மேல் கட்டப்பட்டதுதான். அறிவிப்பாளர் வரிசையில் ஓர் ஆள் விடுபட்டால் அது முன்கதிஃ. அறிவித்தவரின் ஞாபகசக்தி பலவீனமானால் செய்தி ளயீஃப். அறிவிப்பவரும் அவர் யாரிடமிருந்து அறிவிக்கிறாரோ அவரும் ஒரே காலத்தவராய்ச் சந்தித்திருக்கக்கூடியவராய் இருந்தால் போதும் என்றார் இமாம் முஸ்லிம். இருவரும் சந்தித்தது உறுதியாக வேண்டும் என்றார் இமாம் புகாரி. அவ்வளவு நுணுக்கம்!

இந்தக் கலையை வைத்திருக்கும் சமூகத்தில், பரிசளிப்பு விழா மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் ஹதீஸ் எது? சீனா வரை போயேனும் கல்வியைத் தேடச் சொல்லும் அந்த வாசகம். அதன் அறிவிப்பு வரிசை பலவீனமானது என்றார் இமாம் பைஹகீ. இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே அதைச் சேர்த்தார் இப்னுல் ஜவ்ஸீ. கருத்து நல்லதுதானே என்கிறோம். கருத்து நல்லதென்பதற்காக நபிகளார் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்ல ஹதீஸ் அறிஞர்கள் அனுமதிக்கவில்லை. நல்ல கருத்தைச் சொந்தப் பெயரிலேயே சொல்லலாமே!

புகாரியின் நிபந்தனையை நமது கட்டுரைகள் மேல் போட்டுப் பார்ப்போம். எழுதியவர் தாம் காட்டும் நூலைச் சந்தித்தாரா? சந்திக்காத நூலைச் சந்தித்தது போல் எழுதுவது எந்த வகை அறிவிப்பு? என் சிறப்பு மலர்க் கட்டுரை முன்கதிஃ. நானே சொல்கிறேன்.

தமிழ் இலக்கியத் துறையிலும் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. கிடைப்பவற்றுள் மிகப் பழைய இஸ்லாமியத் தமிழ் நூல் என்று பலர் கருதும் பல்சந்தமாலை முழுமையாக நம்மிடம் இல்லை. களவியற்காரிகை உரையில் மேற்கோளாக வந்த எட்டுச் செய்யுட்களே எஞ்சியவை. அந்த உரைகாரர் செய்யுளைத் தந்து நூற்பெயரையும் குறித்துவைத்ததால் ஒரு நூல் இருந்தது என்று இன்றைக்குத் தெரிகிறது. ‘ஒரு புலவர் பாடியது’ என்று விட்டிருந்தால் அந்த நூல் இல்லாமலே போயிருக்கும். மேற்கோள் காட்டுவது பல்கலைக்கழகத்துச் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் அந்த எட்டுச் செய்யுட்களை நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த நூலின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ‘மிகப் பழையது’ என்று எழுதும்போது அதையும் ஒரு வரி சேர்த்து எழுதுவதே முறை.

இந்தச் சஞ்சிகைக்கு எழுதுபவர்களுக்கு, என்னையும் சேர்த்து, ஒரு வேண்டுகோள். நேரில் பார்த்த நூலை நேரில் பார்த்ததாகவும், இன்னொருவர் வழியாக அறிந்ததை அவர் வழியாக அறிந்ததாகவும் எழுதுவோம். மரபை மரபென்றே சொல்வோம். அதற்கும் ஒரு மரியாதை உண்டு. இந்த மண்ணில் நமக்குள்ள உரிமை ஒரு வம்சக் கதையின் மேல் நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்து, உழைத்து, அடங்கியதன் மேல் நிற்கிறது. ஆகவே அந்தக் கதையை நிறுத்துப் பார்க்கப் பயப்பட வேண்டியதில்லை. நாம் நிறுக்காவிட்டால் வேறு யாராவது நிறுப்பார்கள், அவர்களுடைய தராசில்.

மாணவி தன் வசனத்தை மாற்றி எழுதிக் கொண்டுவந்தார். இலங்கைச் சோனகரிடையே இவ்வாறு ஒரு மரபு வழங்கியதாக 1827இல் ஜோன்ஸ்டன் பதிவு செய்தார் என்றும், தான் இதை ஆசிரியர் வழியாக அறிந்ததாகவும் எழுதியிருந்தார். முதல் வசனத்தைவிட இது பெருமை குறைந்தது. ஆனால் எவராலும் தட்டிக் கேட்க முடியாதது. முழுப் புள்ளி போட்டேன்.