வென்றோர் ஏடும் தோற்றோர் ஊரும்: கம்பம் பள்ளத்தாக்கில் ‘பொன்னியின் செல்வன்’

வரலாற்றுப் புதினத்தை இளையோர் பயிலும் முறை வேறு; ஆராய்ச்சியாளர் பயிலும் முறை வேறு. முன்னவர் கதைத்தலைவனின் குதிரையைத் தொடர்ந்து விரைவர். பின்னவர் அக்குதிரையின் குளம்பு பதிந்த மண்ணை நோக்குவர். இவ்விரு நெறிகளும் கூடுமிடத்தில்தான் இத்தகைய நூலின் உண்மையான தகுதி புலனாகும் என்பது நம் துணிபு. அதனை ஒரு நூலைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை அவருடைய இதழில் தொடர்கதையாக வெளிவந்து, ஐந்து பாகங்களில் நிறைவுற்றது. அஃது இளையோர்க்கென்றே எழுதப்பட்டதன்று. எனினும், பள்ளிப் பருவத்தின் இறுதியில் அதனைக் கையிலெடுத்து, இரவெல்லாம் விழித்துப் படித்து முடித்தோர் தமிழ்நாட்டில் பலர். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அது திரைப்படமாக வெளிவந்தபின் புதியதொரு தலைமுறையும் அந்நூலை நாடியது. சில ஆண்டுகளுக்கு முன் அந்நூலை வகுப்பில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, வீரபாண்டியிலிருந்து பயில வந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, எங்கள் ஊர்ப்பெயர் தாங்கிய மன்னன் பொருட்டு வஞ்சினம் உரைத்தவர்கள்தாம் இக்கதையில் கொடியவர்களா?” என்று வினவினார். அவ்வினாவுக்கு உடனே விடையிறுக்க நம்மால் இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சியே.

வீரபாண்டி என்பது தேனியிலிருந்து கம்பம் செல்லும் வழியில், முல்லையாற்றங்கரையில் அமைந்த ஊர். அதன் பெயர் ஆதித்த கரிகாலனால் கொல்லப்பட்ட வீரபாண்டியனையே குறிப்பதென்று கொள்ளச் சான்றில்லை. அப்பெயர் பூண்ட பாண்டியர் பலர். ஆயினும், மாணவரின் வினா ஊர்ப்பெயரளவில் நிற்பதன்று. அதே வழியில் மேலும் சென்றால் சின்னமனூரை அடைவோம். பாண்டியர் வரலாற்றுக்குப் பெருந்துணையான செப்பேடுகள் கிடைத்த ஊர் அது. அவற்றுள் பெரியது இராசசிம்ம பாண்டியனின் 16ஆம் ஆட்சியாண்டில் அளிக்கப்பட்டது. பாண்டிய முன்னோர் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்குவித்ததையும் மதுரையில் சங்கம் நிறுவியதையும் அது பெருமையுடன் பதிவு செய்கின்றது. இம்மன்னனே 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தகனிடம் மதுரையை இழந்து, ஈழத்தில் தன் முடியை அடைக்கலமாக விட்டுச் சென்றவன். ‘பொன்னியின் செல்வன்’ கதையில் ஈழத்துக்கும் பாண்டியர் முடிக்கும் உள்ள தொடர்பு இவ்வரலாற்றிலிருந்தே பிறக்கின்றது. எனவே, இப்பள்ளத்தாக்கின் மாணவர் இந்நூலைத் தோற்றவர் மண்ணில் இருந்து படிக்கின்றார் என்பது மிகையன்று.

இனி, நூலின் கதைகூறும் முறையைக் காண்போம். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு கதை தொடங்குகின்றது. அவன் சோழ இளவரசனின் ஓலையைச் சுமந்து வருபவன்; அவனுக்கு நேரும் இடர் நமக்கு நேரும் இடராகின்றது. பாண்டியனின் ஆபத்துதவிகளையோ நாம் பெரும்பாலும் மறைந்து நின்று ஒட்டுக்கேட்கும் சோழர் பக்கத்தாரின் கண்களாலேயே காண்கின்றோம். இருளில், பள்ளிப்படையில், தாழ்ந்த குரலில் பேசுவோரை ஒளிந்திருந்து நோக்கும்போது, அவர்கள் கூறுவது யாதாயினும் அது சதியாகவே தோன்றும். இளையோர் உள்ளத்தில் நன்மை தீமைகளின் எல்லையை வகுப்பது கருத்துரையன்று. கதை எவர் தோள்மேல் அமர்ந்து நோக்குகின்றது என்பதே. மாணவரின் மனவருத்தத்திற்குக் காரணம் இதுவே.

ஆயின், ஆசிரியர் ஒருதலையாக எழுதினார் என்று முடிப்பது பிழையாகும். ஆவணங்கள் கூறுவதை ஒப்பு நோக்குக. வீரபாண்டியன் கல்வெட்டுகளில் ‘சோழன் தலைகொண்ட’ என்னும் அடைமொழி காணப்படுகின்றது. ஆதித்தனுடைய கல்வெட்டுகளிலோ ‘பாண்டியன் தலைகொண்ட’ என்பது அடைமொழி. இரு பக்கத்தாரும் ஒரே செயலை ஒரே பெருமிதத்தோடு பொறித்துக்கொண்டனர். ஆதித்தன் பாண்டியன் தலையைத் தன் நகரில் வெற்றித்தூணாக நிறுத்தினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கின்றது. அவ்வேட்டில் இரக்கத்திற்கு இடமில்லை.

கல்கி இக்கொலையை எவ்வாறு அமைத்தார்? புண்பட்டுக் கிடந்த பாண்டியனுக்காக நந்தினி உயிர்ப்பிச்சை வேண்டுகின்றாள். கரிகாலன் அதனைப் பொருட்படுத்தாது வெட்டுகின்றான். இந்நிகழ்ச்சியைக் கரிகாலனே பின்னர் உள்ளம் வெந்து தன் வாயால் கூறுகின்றான். ஏட்டில் வெற்றிப் பெருமிதமாக இருந்தது, புதினத்தில் கொன்றவனைத் தின்னும் கழிவிரக்கமாக மாறிவிட்டது. தோற்றவன் பக்கத்து நியாயம் வென்றவன் நாவிலிருந்தே வெளிப்படுகின்றது. இவ்வொரு மாற்றத்தால் புதின ஆசிரியர் செப்பேட்டுப் புலவரினும் அறத்தால் உயர்ந்து நிற்கின்றார். கரிகாலனைக் கொன்றோர் எனச் சிலரின் பெயரை உடையார்குடிக் கல்வெட்டுத் தருகின்றது. அவர்களுடைய நோக்கத்தை அது கூறவில்லை. கல்கியும் கொன்ற கை எதுவென்பதை ஐயத்திலேயே விட்டுவிட்டார். தீர்ப்பளிக்கத் தயங்கிய இந்நடுவுநிலை போற்றத்தக்கது.

பிறமொழி இலக்கியத்திலும் இச்சிக்கல் உண்டு. இங்கிலாந்தில் 1485இல் மூன்றாம் ரிச்சர்டை வென்று தூடர் மரபினர் அரசேறினர். அவர்தம் காலத்து எழுத்தாளர் தோற்ற மன்னனைக் கூனனாகவும் சூம்பிய கையனாகவும் தீட்டினர். 2012இல் லெஸ்டர் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அவனுடைய எலும்புகள் முதுகெலும்பு வளைந்திருந்ததை உறுதிசெய்தன; கை சூம்பியிருந்தமைக்குச் சான்று தரவில்லை. வென்றோர் கூற்று முழுப் பொய்யுமன்று, முழு மெய்யுமன்று என்பது இதனால் பெறப்படும். அத்தூடர் காலத்தையே களமாகக் கொண்டு மார்க் டுவெயின் 1881இல் இளையோர்க்கென எழுதிய ‘இளவரசனும் ஏழையும்’ என்னும் கதை வேறொரு வழியைக் காட்டுகின்றது. அரசிளங்குமரனுக்குக் கந்தலை உடுத்தித் தெருவில் விட்டு, அவன் நாட்டுச் சட்டத்தின் கொடுமையை அவனே உணருமாறு செய்தார் டுவெயின். கல்கி அரசிளங்குமரனை அவன் செய்த கொலையின் நினைவினின்று தப்பவிடாது நிறுத்தினார். வழி வேறாயினும், அதிகாரத்தின் மறுபக்கத்தை இளையோர் காணச் செய்தமையில் இருவரும் ஒப்பர்.

இந்நூலில் நாம் காணும் குறையொன்றும் உண்டு. கரிகாலனின் கழிவிரக்கம் நூலின் தொடக்கப் பகுதியில் விரிவாக வருகின்றது. அதன்பின் கதையின் விரைவு அதனை மூடிவிடுகின்றது. வந்தியத்தேவனைத் தொடர்ந்து ஓடும் இளம்வாசகர் அவ்விடத்தில் நில்லாது கடந்துவிடுகின்றனர். பாண்டியர் பக்கத்தில் நந்தினியைத் தவிர நினைவில் நிற்கும் உள்ளம் படைத்த மாந்தர் இலர். தோற்ற நாட்டின் சார்பில் பேசும் பொறுப்பை ஒரு பெண்ணின் வஞ்சத்தின்மேல் மட்டும் ஏற்றியது அந்நாட்டுக்கு நீதியாகாது.

ஆகவே, அம்மாணவர்க்கு நாம் கூறும் விடை இது: கொடியவர் என்று நூல் முடிந்த முடிபாகக் கூறவில்லை, விரைந்து படிப்பதால் நாமே அவ்வாறு கொள்கின்றோம். கரிகாலன் தன் கதையைக் கூறும் இடத்தில் நின்று படியுங்கள். பின்னர்ச் சின்னமனூர்ச் செப்பேட்டையும் திருவாலங்காட்டுச் செப்பேட்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். வெட்டுண்ட தலைகள் இரு நாட்டிலும் உண்டு. தமிழும் இரு நாட்டுக்கும் உரியது. இவ்வுணர்வை ஊட்டுமாயின், அப்புதினம் முல்லையாற்றங்கரையில் படிப்போர்க்கும் காவிரிக்கரையில் படிப்போர்க்கும் ஒருங்கே உரியதாகும்.