மந்திரக் கோலும் கொழுந்துக் கூடையும்

சிறுவர்க்கான படைப்புகளைத் திறனாய்வுக்கு உரியனவாகக் கருதாத மனப்போக்கு நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. நாவலை ஆராய்கிறோம், கவிதையை நிறுத்துப் பார்க்கிறோம், திரைப்படத்தைச் சாடுகிறோம். ஆனால் நம் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்திருக்கும் தொலைக்காட்சித் தொடரை மட்டும் 'சின்னப் பிள்ளைகளின் சமாசாரம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரு தலைமுறையின் ஆசைகள் முளைவிடுவது அங்கேதான் என்பதை மறந்துவிடுகிறோம். நுவரெலியாவிலும் ஹற்றனிலும் மலைச்சரிவுகளில் நிற்கும் லயங்களை நோக்குங்கள். தகரக் கூரைகளின் மேல் வரிசையாக முளைத்திருக்கும் வட்ட அன்டெனாக்கள் யாருடைய கனவுகளை யாருக்கு இறக்கித் தருகின்றன என்று கேட்பது ஆசிரியர்களின் கடமையன்றோ?

இக்கேள்வியை மனத்திற்கொண்டு, 'பிரிட்டி கார்டியன் செயிலர் மூன்' என்னும் யப்பானியத் தொடரை, முதல் அங்கம் தொடங்கி 49ஆம் அங்கம் வரை, ஒன்றையும் தாண்டாமல் பார்த்தோம். 2003 ஒக்டோபர் 4 முதல் 2004 செப்டெம்பர் 25 வரை, சனிக்கிழமைதோறும் காலை 7.30 மணிக்கு யப்பானில் ஒளிபரப்பான தொடர் இது. நவோகோ தகேயுச்சி என்னும் பெண் ஓவியர் 1991இல் தொடங்கிய சித்திரக்கதையே இதன் மூலம். கார்ட்டூன் வடிவில் உலகெங்கும் பரவிய அக்கதை, இங்கே உயிருள்ள நடிகையரைக் கொண்டு படமாக்கப்பட்டது. 49 அங்கங்களையும் எழுதியவர் யசுகோ கொபயாஷி என்னும் ஒரே ஆசிரியை. பல கைகள் மாறி மாறி எழுதும் தொலைக்காட்சி உலகில் இஃது அரிது. ஆகவே இதனை ஒரு நாவலைப் போலப் பயில்வதில் தவறில்லை.

கதை எளிமையானது. உசாகி பதினான்கு வயதுப் பாடசாலை மாணவி. படிப்பில் மந்தம், எதற்கெடுத்தாலும் அழுகை. பேசும் பூனையொன்று அவளைத் தேடி வந்து, கைக்காப்பு ஒன்றைத் தந்து, 'நீ ஒரு வீராங்கனை' என்கிறது. மந்திரச் சொல்லை உச்சரித்தவுடன் அவளுடைய உடையும் உருவமும் மாறுகின்றன. அமி, ரெய், மகோதோ, மினாக்கோ என்னும் நால்வர் ஒருவர்பின் ஒருவராக அவளுடன் சேர்கின்றனர். பெரில் என்னும் அரக்கியின் படையை ஐவரும் எதிர்க்கின்றனர்.

இத்தகைய கதைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1964இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பிவிச்ட்' என்ற தொடர் தொடங்கியது. சூனியக்காரி ஒருத்தி சாதாரண மனிதனை மணந்து, அவன் விருப்பத்துக்கிணங்கத் தன் ஆற்றலை மறைத்து வாழ முயலும் நகைச்சுவைக் கதை அது. அதன் தாக்கத்தால் 1966இல் யப்பானில் 'சாலி' என்னும் மந்திரச் சிறுமி கார்ட்டூனில் பிறந்தாள். மறு ஆண்டிலேயே நடிகையைக் கொண்டு எடுக்கப்பட்ட 'கொமெட்' தொடர் வெளிவந்தது. சமையலறையில் மறைந்திருந்த மந்திரக் கோல் இவ்வாறு பாடசாலைச் சிறுமியின் கைக்கு மாறியது. இம்மாற்றம் சிறிதன்று. கணவனுக்காக மறைக்கப்பட்ட ஆற்றல், சிறுமியின் கையில் வெளிப்படையாக விளையாடத் தொடங்கியது.

இலங்கை இரசிகர்களுக்கு மற்றுமொரு யப்பானியச் சிறுமியை நன்கு தெரியும். யப்பானிய அரசின் உதவியுடன் 1982இல் நிறுவப்பெற்ற ரூபவாஹினியில் 'ஒஷின்' தொடரைக் கண்டு கலங்காதவர் அந்நாளில் அரிது. 1983இல் யப்பானில் தொடங்கிய அத்தொடரின் நாயகி, ஏழு வயதில், ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக அயலார் வீட்டு வேலைக்கு அனுப்பப்படுகிறாள். பனியிற் கைகள் விறைக்க அவள் துணி தோய்க்கும் காட்சி நம் மலைநாட்டுத் தாய்மார்க்கு அந்நியமானதன்று. அவர்கள் நேரிற் கண்ட வாழ்க்கை அது. ஒஷினிடம் மந்திரக் கோல் இல்லை. உழைப்பும் பொறுமையும் மட்டுமே இருந்தன.

ஒஷினுக்கும் உசாகிக்கும் இடையில் இருபது ஆண்டுகள். பசியிலிருந்து மீண்டு செல்வம் பெருக்கிய நாடு, தன் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பும் கதையை மாற்றிக்கொண்டது. பழைய கதை 'பொறுத்துக்கொள்' என்றது. புதிய கதை 'மாறிவிடு' என்கிறது. எந்தப் பொருளாதாரத்தில் எந்தக் கதை பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி, தொடரை அங்கம் அங்கமாகப் பார்ப்பதனால் தெரியவரும் உண்மைகளுக்கு வருவோம்.

முதலாவது, கடையின் கை. சில வாரங்களுக்கு ஒருமுறை கதையில் ஒரு புதிய பொருள் தோன்றுகிறது: ஒளிவீசும் கோல், நட்சத்திரக் கைத்தாளம், மாறுவேடம் பூண உதவும் படம்பிடிக்கும் கைத்தொலைபேசி. வழிகாட்டும் பூனைகூட உயிருள்ளதன்று, பஞ்சடைத்த பொம்மை. இவையனைத்தும் பண்டாய் நிறுவனத்தின் பெயரில் விளையாட்டுப் பொருட்களாகக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. உருமாறும்போது சிறுமியர் கூவும் மந்திரத்தின் இறுதிச் சொல் எதுவென்று நினைக்கிறீர்கள்? 'மேக்கப்' என்பதே. ஒப்பனைதான் வீரம், பண்டந்தான் ஆற்றல் என்று சிறுமியின் காதில் வாராவாரம் ஓதப்படுகிறது. ஓரிரு அங்கங்களைப் பார்ப்பவர்க்கு இது விநோதம். 49 அங்கங்களையும் பார்ப்பவர்க்கு இது வியாபாரம்.

இரண்டாவது, பிறப்பின் பிடி. இச்சிறுமியர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டனர்? முயற்சியால் அன்று; அறிவால் அன்று; முற்பிறவியால்! உசாகி சந்திர மண்டலத்து இளவரசியாம். மற்றவர்கள் அவளைக் காக்கப் பிறந்த காவலர்களாம். அழுமூஞ்சிச் சாதாரணப் பெண்ணொருத்தி வீராங்கனையானாள் என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கையில், 'இல்லை, அவள் அரச குலம்' என்று கதை நம் மகிழ்ச்சியைப் பறித்துக்கொள்கிறது. ஆற்றல் பிறப்பிலே வருவது என்ற கருத்து எத்துணைப் பழையது, எத்துணைக் கொடியது என்பதை மலையக மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பிறப்பையும் வம்சாவளியையும் கேட்டே அவர்களை நாடற்றவர்களாக்கியது. இத்தொடர் யப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய அதே 2003 ஒக்டோபரிலேதான், எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. 'நீ யார், உன் பூர்வீகம் எது?' என்ற கேள்வி உசாகிக்கு இனிய புதிர். நம் பாட்டன்மாருக்கோ அது கடதாசிக் கட்டுகளோடு கச்சேரி வாசலிற் காத்து நின்ற அவமானம்.

இவ்விரு குறைகளோடு தொடரைத் தள்ளிவிடலாமா? முடியாது என்பதே நம் முடிவு. ஏனெனில் மூன்றாவதாக ஒன்று உண்டு. அது கதையின் இயந்திரத்தில் இல்லை. அங்கங்களுக்கிடையே மெதுவாக வளர்கிறது. அதுதான் தோழமை.

அமி கெட்டிக்காரி; ஆயினும் தனியள். வைத்தியரான தாய்க்கு வீட்டில் இருக்க நேரமில்லை. ரெய், அரசியல்வாதியான தந்தையுடன் மனம் முறிந்து, கோயிலில் வாழ்பவள். எவரும் தனக்குத் தேவையில்லை என்று இறுகி நிற்பவள். மகோதோ பெற்றோரை இழந்து தனியறையில் தானே சமைத்துண்பவள். மினாக்கோ புகழ் பெற்ற பாடகி. கொடிய நோயை மறைத்துக்கொண்டு மேடையேறுபவள். இவர்கள் ஒரே நாளில் தோழியராகிவிடவில்லை. சந்தேகிக்கின்றனர், பிணங்குகின்றனர். தொடரின் நடுப்பகுதியில் அமி பகைவன் வசப்பட்டு, பல வாரங்கள் தன் தோழியரையே எதிர்த்து நிற்கிறாள். அவளை மீட்பது மந்திரக் கோல் அன்று. அவளைக் கைவிட மறுக்கும் உசாகியின் பிடிவாதமே. இறுதியை நெருங்கும்போது மினாக்கோ நோய்க்கு இரையாகிறாள். எந்த மந்திரமும் அவ்வேளை அவளைக் காக்கவில்லை. சிறுவர் தொடரொன்று மரணத்தை இத்துணை நேர்மையுடன் காட்டத் துணிந்தமை பாராட்டுக்குரியது. பின்னர் அவளை உயிர்ப்பித்துத் தந்தமை அந்நேர்மையைச் சற்றே குறைத்தாலும், நம் பாராட்டை மாற்றாது.

இறுதி அங்கங்களில் ஆசிரியை தம் கதையின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்குகிறார். உசாகிக்குள் உறங்கிய இளவரசி முழுமையாக விழித்தெழுகிறாள். காதலனை இழந்த துயரத்தில் உலகையே அழித்துவிடுகிறாள். ஆம், உலகை அழிப்பவள் அரக்கியல்லள், அரச குமாரியே. மீண்டும் சாதாரண உசாகியாகத் திரும்பிய பிறகே உலகமும் மீள்கிறது. பிறப்பால் வந்த ஆற்றல் அழிக்கும், தோழமையால் கனிந்த மனமே ஆக்கும் என்று தொடர் கூறாமற் கூறுகிறது. பொம்மைக் கடைக்காக எழுதப்பட்ட கதைக்குள் இருந்துகொண்டே அதை எழுதியவர் சொன்ன மெய் இது. ஆனால் அவராலும் ஓர் எல்லையைத் தாண்ட முடியவில்லை. தொடர் முடிந்த பின் வெளிவந்த சிறப்பு அங்கம் உசாகியின் திருமணத்தை மையமாகக் கொண்டது. உலகை மீட்டவளுக்கும் கடைசியில் மணப்பந்தலே பரிசு!

நம் தமிழ்ச் சூழலில் நிலைமை என்ன? 2004 முதல் 2007 வரை சன் தொலைக்காட்சியில் வந்த 'மை டியர் பூதம்' தொடரில் மந்திர ஆற்றல் மூசா என்னும் பூதச் சிறுவனிடம் இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் வந்த 'சோன் பரி' என்ற ஹிந்தித் தொடரில் தாயை இழந்த சிறுமியொருத்தி நாயகியானாள். எனினும் ஆற்றல் அவளுடையதன்று, அவள் அழைக்கும்போது வரும் தேவதையுடையது. பெண்ணுக்கு ஆற்றல் தருவதெனில் அம்மனாக்க வேண்டும், அல்லது நாகமாகவோ பேயாகவோ ஆக்க வேண்டும். புத்தகப் பையைச் சுமந்து செல்லும் சாதாரண மாணவிக்கு அதைத் தர நம் தொலைக்காட்சிக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டார் கலை இவ்விடயத்தில் தொலைக்காட்சியை விட முன்னே நிற்கிறது. தோட்டங்களில் மாசி மாதத்தில் நாட்கணக்காக நடைபெறும் காமன் கூத்தும் அங்கம் அங்கமாகப் பார்க்கப்படுவதே. எரிந்த மன்மதனுக்காக நியாயம் கேட்டு வாதாடுபவள் இரதி. பொன்னர் சங்கர் கூத்தில், மாண்ட அண்ணன்மாரைத் தேடி வனம் புகுந்து, சிறிது நேரமேனும் அவர்களை எழுப்பிப் பேசவைப்பவள் தங்கை. ஆயினும் மரபிலே இரதி வேடத்தையும் ஆண்மகனே பூண்டு ஆடினான். வலிமையுள்ள பெண்ணைக் கற்பனை செய்த மரபு, பெண்ணை மேடையேற்றத் தயங்கியது.

இத்தயக்கத்தின் விலையை இன்றும் நம் சிறுமியரே செலுத்துகின்றனர். பதினைந்து, பதினாறு வயதில் கொழும்பு மாடி வீடுகளுக்கு வேலைக்குச் செல்லும் மலையகச் சிறுமியரின் கதை முடிந்துவிடவில்லை. 2021இல் அவ்வாறு சென்ற சிறுமி ஒருத்தியின் மரணத்துக்கு நீதி கேட்டு மலையக நகரங்கள் பலவற்றில் மக்கள் வீதியில் இறங்கினர். உசாகியின் கையில் கைத்தொலைபேசி மாயக் கருவி. பாடசாலைகள் மூடப்பட்ட 2020, 2021 ஆண்டுகளிலோ, தந்தையின் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அலைவரிசை தேடி மலையேறிய பிள்ளைகளை நாம் அறிவோம். ஒஷினின் வாழ்க்கையை வாழ்ந்துகொண்டு உசாகியின் கனவைக் காணும் நிலையே நம் சிறுமியரின் நிலை.

அக்கனவைக் கலைத்துவிடுவது ஆசிரியரின் பணியன்று. 'மாறிவிட வேண்டும்' என்ற சிறுமியின் ஏக்கம் நியாயமானது. நாளொன்றுக்குப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து பறித்து வீடு திரும்பும் தாயைக் காணும் பிள்ளை மாற்றத்தை விரும்பாதிருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும். எந்த வழியில் மாற்றம் வரும் என்பதே கேள்வி.

விடையும் தேயிலை மலையிலேயே இருக்கிறது. 2015 செப்டெம்பரில் கேரளத்தின் மூணாறில், போனசுக் குறைப்பை எதிர்த்துத் தமிழ்ப் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வீதியை மறித்து அமர்ந்தனர். தொழிற்சங்க ஆண் தலைவர்களை விலக்கிவைத்து, 'பொம்பிளை ஒருமை' என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டு, கோரிக்கையை வென்றனர். இலங்கையிலும் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வெளிவந்ததற்கு முன்னே, ஆண்டுக்கணக்கான ஆர்ப்பாட்டங்களும் வேலைநிறுத்தமும் நடந்தன. முற்பிறவியில் எந்த இளவரசியாகவும் இராத பெண்கள் இவற்றில் முன்னின்றனர்.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! பிள்ளைகள் பார்க்கும் தொடரை நீங்களும் உடனிருந்து பாருங்கள், முழுமையாகப் பாருங்கள். பார்த்த பின் வகுப்பில் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். இந்தக் கோலை விற்பவர் யார்? இளவரசியாகப் பிறவாத பெண் என்ன செய்வாள்? அமியை மீட்டது எது? மூன்றாவது கேள்விக்கு ஒரு சிறுமி எழுந்து நின்று, தன் சொந்த வார்த்தைகளில் விடை சொல்வாளாயின், அத்தொடரை அவள் பார்த்தது வீணன்று. அவள் விடையை வைத்தே ஒரு நாடகம் எழுதுங்கள். அதில் நாயகி வேடத்தை அவளுக்கே கொடுங்கள்.