பழுப்பேறிய ரேடியேட்டர்

1989இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பானெட்டைத் திறந்ததும் ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பல்லாண்டு வெப்பத்தில் பழுப்பேறியிருந்தால், விரிசல் விட நாள் பார்க்கிறது என்று பொருள்.

மாற்று ரேடியேட்டர் சிரமமின்றிக் கிடைத்துவிடும். அலையவைப்பவை ரப்பர் குழாய்கள்தான். ஒவ்வொன்றுக்கும் வார்ப்பிலேயே அமைந்த வளைவு உண்டு. நேர்க்குழாயை வளைத்துச் செருகினால் மடிந்து நீரோட்டம் தடைபடும். அதனால் பாக எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். சரியான குழாய் கச்சிதமாகப் பொருந்தி, கிளிப் இறுகும்போது வரும் நிறைவுக்கு ஈடில்லை.

2017இல் மாஸ்டாவே இந்தக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஜப்பானில் அறிவித்து, நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மீண்டும் தயாரிக்க முன்வந்தது. விற்ற பொருளுக்குக் கடைசிவரை துணை நிற்பதுதான் தொழில் தர்மம்.