ஜான்சி ராணிப் படையும் நம் எழுத்தாளரும்

ஜான்சி ராணிப் படையைப் பற்றித் தமிழில் எழுதியோர் பலர். பிரிக்பீல்ட்ஸ் மேடையாயினும் கிள்ளான் தோட்டத்துக் கூட்டமாயினும், அதைப் புகழ்ந்து பேசுவோரும் பலர். அவ்வெழுத்தையும் பேச்சையும் கூர்ந்து நோக்கின் ஒரு விந்தை புலப்படும். பட்டாளத்துக்குப் போன பெண்ணைப் பட்டாளத்துக்காரி என்று சொல்ல நம்மவர்க்கு மனம் வருவதில்லை. துர்க்கை என்பார், காளி என்பார், கண்ணகி என்பார், புறநானூற்றுத் தாய் என்பார். பெண்ணைத் தெய்வமாக்கிக் கும்பிட்டுவிட்டால், அவள் செய்த வேலையைப் பற்றி ஒன்றும் விசாரிக்க வேண்டியதில்லை அல்லவா?

புறநானூற்றுத் தாய் என்னும் உவமையையே எடுத்துக்கொள்வோம். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய் தன் ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். மறக்குடி மகள்தான், மறுப்பாரில்லை. ஆயினும் போகிறவன் மகன், அனுப்புகிறவள் தாய். 1943ஆம் ஆண்டில் நடந்தது அதுவன்று. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் சிங்கப்பூரில் இருபது பெண்கள், சேலை உடுத்தபடியே துப்பாக்கி ஏந்தி, சுபாஷ் சந்திர போசுக்கு அணிவகுப்பு மரியாதை செய்தனர். அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ வீதியில் பெண்களுக்கெனப் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துவந்த லட்சுமி சுவாமிநாதன் படைத்தலைவியானார். இவர்கள் மகனையும் கணவனையும் அனுப்பிவிட்டு வாசலில் நின்றவரல்லர். தாமே காற்சட்டை மாட்டிக்கொண்டு போனவர்கள். புகழுக்காகத் தேடிய உவமை, புகழப்பட்டவளையே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

நம் கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவரின் கதைக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. சிலாங்கூர் கிளப் திடலில் போஸ் பேசக் கேட்ட அவர் தம் காதுத் தோடுகளைக் கழற்றிக் கொடுத்தார் என்பது யாவரும் அறிந்த செய்தி. கதை சொல்வோர் பெரும்பாலும் அந்தத் தோட்டிலேயே நின்றுவிடுகின்றனர். நகையைக் கழற்றிக் கொடு என்று நம் குடும்பங்கள் பெண்ணிடம் எக்காலத்தில்தான் கேட்கவில்லை? அடகுக் கடைக்காரரைக் கேட்டால் நூறு கதை சொல்வார்! புதுமை தோட்டில் இல்லை. எளிதில் இசையாத தந்தையாரை மீறிப் படையில் பெயர் எழுதிக்கொண்டதில் இருக்கிறது. இருபது வயது நிரம்புமுன் பர்மாவில் அதிகாரியாகிப் பிற பெண்களுக்குக் கட்டளையிட்டதில் இருக்கிறது. அதைப் பற்றி இரண்டு வரி எழுதுவோர், தோட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகின்றனர்.

இனி, ஆங்கிலத்தில் வந்த நூல்களைப் பார்ப்போம். லட்சுமியின் நினைவுக் குறிப்புகள் 1997இலும், ராசம்மா பூபாலனைப் பற்றி அருணா கோபிநாத் எழுதிய நூல் 2007இலும், ஜாய்ஸ் லெப்ராவின் ஆராய்ச்சி 2008இலும், வேரா ஹில்டபிராண்டின் ஆராய்ச்சி 2016இலும் வந்தன. தெய்வப் பூச்சு இவற்றில் குறைவு, மனிதர்கள் தெரிகிறார்கள். ஆயினும் மிகுதியாகப் பேசுவோர் பள்ளியில் படித்த பட்டணத்துப் பெண்களே. படையில் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள் என்று சொல்லிவிட்டு மேலே போகும்போது, அப்பெரும்பாலோர் ஓர் எண்ணிக்கையாக நின்றுவிடுகின்றனர். எழுத்தறியாதவர் கடிதமும் நாட்குறிப்பும் வைப்பதில்லை. ஆகவே ஆராய்ச்சியாளரைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் மொழியைப் பேசும் நமக்கு என்ன சாக்கு?

அவள் ஏன் போனாள் என்பதற்குத் தேசபக்தி என்னும் ஒரு சொல்லை விடையாக்கிவிடுகிறோம். அது பொய்யன்று, போதாது. 1930க்கு முந்திய ஆண்டுகளில் சிலாங்கூர்த் தோட்டத்தில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று விதித்திருந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும், துரைமாரும் கிராணிமாரும் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்றும் கேட்டனர். பதிலாகப் பட்டாளம் வந்தது. தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜப்பானியர் வந்த பின்னரோ பட்டினி. ஆண்கள் சயாம் ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போகப்பட்டனர். இவற்றையெல்லாம் பார்த்திருந்த பெண்ணை ஒருவர் வந்து துப்பாக்கி பிடிக்க வா என்று அழைத்தால், அவள் காதில் அது என்னவாக விழுந்திருக்கும்? நம் நாவலாசிரியர் ஆராய வேண்டிய இடம் இதுவே. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நேதாஜி படையைப் பாண்டியன் என்னும் ஆடவன் கண்ணால் காட்டுகிறது, சிறந்த நூல். பால்மரத்தடியிலிருந்து போனவளின் கண்ணால் காட்டும் அத்தகைய நூலொன்று நமக்கு வேண்டும்.

மற்றொரு பிழையும் உண்டு. இப்பெண்கள் இம்பால் களத்தில் ஆங்கிலேயரை எதிர்த்துச் சமர் புரிந்தனர் என்று ஆவேசமாக எழுதுகின்றனர். அவர்கள் முன்னணியில் போரிட வாய்ப்பு வரவில்லை என்பதே ஆராய்ச்சியின் முடிவு. மேமியோவில் காயம்பட்டோரைப் பேணினர்; பயிற்சி செய்தனர்; காவல் நின்றனர். பின்வாங்கும் வழியில் ரயில்மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இருவர் மாண்டனர். 1945 ஏப்ரலில் ரங்கூனைவிட்டுப் புறப்பட்டு, விமானக் குண்டுக்கு அஞ்சி இரவில் நடந்து, ஆறு கடந்து பாங்காக் போய்ச் சேர்ந்தனர். சுடாத பட்டாளக்காரன் பட்டாளக்காரனே என்று ஆணுக்கு ஒப்புக்கொள்ளும் நாம், பெண்ணுக்கு மட்டும் இல்லாத போரைக் கற்பித்துக் கூட்டுவானேன்? அந்நடையை உள்ளபடி எழுதினாலே போதுமே!

போர் முடிந்தபின் ஜானகி அரசியலில் புகுந்து செனட் சபையில் அமர்ந்தார். பதினாறு வயதில் படையில் சேர்ந்த ராசம்மா ஆசிரியையானார்; 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவியாகி, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று வாதாடினார்; அறுபதுகளிலேயே அது பலித்தது. துப்பாக்கி பிடித்த கையே சம்பளப் பட்டியலையும் பிடித்தது என்பதைத் தொடர்புபடுத்தி எழுதுவோர் அரியர். தோட்டத்துக்குத் திரும்பியவள் மறுபடியும் விடியுமுன் பெரட்டில் நின்று பேர் கொடுத்தாள். இந்துஸ்தானியில் கட்டளை கேட்டுப் பழகிய காதில் கங்காணியின் குரல் எப்படி விழுந்தது, லயத்து ஆண்கள் அவளை என்ன சொல்லி அழைத்தனர், காற்சட்டையை என்ன செய்தாள் என்றெல்லாம் விசாரித்து எழுதுவோரின் கட்டுரைக்கு நம் பக்கங்களில் இடமுண்டு. காளி, துர்க்கை கட்டுரைகள் ஏற்கெனவே மேசை நிறையக் கிடக்கின்றன.