வாதாபியில் ஒரு நாள்: கல்கியின் கதையும் கல்லின் கதையும்

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அமரர் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ ஒரு புதினம் மட்டுமன்று. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொணர்ந்த உடைமைகளுள் ஒன்று. வார இதழிலிருந்து பிரித்தெடுத்து, தைத்து, அட்டை கட்டிய நான்கு பாகங்கள் எம் இல்லத்திலும் உண்டு. எம் அன்னையார் விட்டுச் சென்றவை. பெங்களூரில் பிறந்து பள்ளியில் கன்னடம் பயிலும் எம் மகளுக்கு அவற்றை இரவுதோறும் வாசித்துக் காட்டியே தமிழ் புகட்டினோம். ஆகவே விடுப்புப் பயணச் சலுகையில் எங்குச் செல்வது என்ற வினா எழுந்தபோது, வாதாபிக்கே என்று அவள் விடை கூறிவிட்டாள். அவ்வாதாபியே இன்று பாகல்கோட்டை மாவட்டத்திலுள்ள பாதாமி.

புதினத்தின் வழியே யாம் அறிந்திருந்த வாதாபி, மாபெரும் மதிலும் நாற்சந்திகளும் நிறைந்த பகைவன் தலைநகர். நேரிற்கண்ட பாதாமியோ, இரு செம்மணற்கற் குன்றுகளுக்கிடையே ஓர் ஏரியைத் தழுவிக் கிடக்கும் சிற்றூர். அகத்திய தீர்த்தம் எனப்படும் அவ்வேரியின் படித்துறையில் பெண்டிர் துணி துவைத்துக்கொண்டிருந்தனர். கரையில் பூதநாதர் கோயில் நீருள் நிழல் பரப்பி நின்றது. எம்மை அழைத்துச் சென்ற ஆட்டோ ஓட்டுநர், “நம்ம புலிகேசி ஆண்ட ஊர் ஐயா இது” என்று கன்னடத்திற் பெருமிதத்துடன் கூறினார். மகள் எம் முகத்தை நோக்கினாள். அவளுடைய பள்ளிப் பாடத்தில் இரண்டாம் புலிகேசி, ஹர்ஷவர்த்தனரை நருமதைக்கு இப்பால் வரவொட்டாமல் தடுத்த வீரன். அவள் வீட்டுப் பாடத்திலோ, காஞ்சியை முற்றுகையிட்டுச் சிவகாமியைச் சிறைகொண்டு சென்ற கொடியோன். “அப்பா, இந்த ஊரை நாமா எரித்தோம்?” என்று அவள் மெல்ல வினவினாள். அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

கல்கி இப்புதினத்தைத் தம் இதழில் 1944 முதல் 1946 வரை தொடராக எழுதினார். அவர் விடுதலைப் போரிற் சிறை சென்ற காந்தியவாதி. அத்தகையவர் ஒரு பழிவாங்கும் போரைக் கதைப்பொருளாகக் கொண்டது ஏன் என்பதைத் திறனாய்வோர் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நரசிம்மவர்மப் பல்லவன் 642-இல் வாதாபியை வென்றது வரலாறு. அவ்வெற்றிக்குச் சிவகாமி என்னும் ஆடலரசியின் சபதத்தைக் காரணமாக்கியது கல்கியின் கற்பனை. ஆயனச் சிற்பியும் நாகநந்தி அடிகளும் அக்கற்பனையின் மக்களே.

முதலிற் குறையைக் கூறிவிடுவோம். காஞ்சியின் மாந்தரை நாம் அறிந்த அளவு வாதாபியின் மாந்தரை இந்நூலில் அறிகிலோம். காஞ்சி நமக்கு வீடு. வாதாபியோ கதை நிகழும் மேடை. சிவகாமி அந்நகரின் நாற்சந்திகளில் ஆடும் அவல நிலைக்கு உள்ளாவதைப் படித்து நம் நெஞ்சம் கொதிக்கிறது. ஆயின் அந்நகரின் முதற் குடைவரையினுள் நுழையுமுன்னரே, வலப்புறப் பாறையிற் பதினெட்டுக் கரங்களுடன் சிவபெருமான் ஆடுகிறார். பரதம் பயிலும் எம் மகள் அவர்முன் நின்று, ஒவ்வொரு கரமாக எண்ணி முத்திரைகளின் பெயரைக் கூறினாள். மூன்றாம் குடைவரையின் கல்வெட்டு 578-ஆம் ஆண்டினது. பல்லவப் படை வருமுன்னரே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்குக் கலை வாழ்ந்திருந்தது. ஆடலின் அருமை அறிந்த மக்கள் அவ்வூரிலும் இருந்தனர். அவர்களுடைய குரல் நூலில் நம் செவிக்கு எட்டவில்லை என்பதே எம் குறை.

ஆயினும், இக்குறையோடு நூலை மூடிவிடுதல் முறையன்று. நான்காம் பாகத்தின் பெயரை நோக்குக. வாதாபி வீழ்வது அப்பாகத்திலேதான். ‘வெற்றி’ என்றோ ‘சபதம் முடிந்தது’ என்றோ கல்கி அதற்குப் பெயரிடவில்லை. ‘சிதைந்த கனவு’ என்றே பெயரிட்டார். நகர் எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது, ஆனால் சிவகாமி மீண்டு வந்து காண்பது, மனைவி மக்களுடன் வாழும் மாமல்லரை. அவள் தன்னை இறைவனுக்கே அர்ப்பணித்துக்கொள்கிறாள். படைநடத்திய பரஞ்சோதி வாளைத் துறந்து சிறுத்தொண்டராகிறார். சேக்கிழார் பாடிய அடியவரையே கல்கி தம் சேனாதிபதியாக்கிய நயம் ஈண்டு விளங்குகிறது. வென்றோர் எவரும் மகிழ்ந்திலர். போரின் பயனை இதனினும் தெளிவாக ஒரு காந்தியவாதி எங்ஙனம் கூறவியலும்? இளமையில் இப்பகுதியை யாம் விரைந்து புரட்டிவிட்டோம். பாதாமியிலிருந்து திரும்பிய பின்னரே அதனை ஊன்றிப் படித்தோம்.

கல்கி நிறுத்திய இடத்திலிருந்து கல் பேசுகிறது. பாதாமிப் பாறையொன்றில் நரசிம்மவர்மனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுச் சிதைந்த நிலையில் உள்ளது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, அதே சளுக்கிய மரபின் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். பழிக்குப் பழி கொள்ள அவனுக்கு வாய்ப்பிருந்தது. அவனோ கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனைக் கவராது இறைவனுக்கே விட்டான். அச்செய்தியை அக்கோயிலிலேயே கன்னடத்தில் பொறித்தான். அவனுடைய தேவி லோகமாதேவி, அவ்வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் காஞ்சிக் கலையின் சாயலை இன்றும் காணலாம். பல்லவன் எழுத்து வாதாபியில்; கன்னட எழுத்து காஞ்சியில். இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவர்க்கே இக்கதை முழுமையாகும்.

மாலையில் ஏரிக்கரைப் படியில் அமர்ந்து, மகளின் வினாவுக்கு விடை கூறினோம்: “ஆம் அம்மா, நம் பக்கத்து அரசன் எரித்தான். அவர்கள் பக்கத்து அரசனும் நம் ஊர்மேற் படையெடுத்தான். பின்னர் அவன் மரபில் வந்தவன் ஒருவன் நம் கோயிலைக் காத்தான்.” அவள் சற்று எண்ணி, “என் சிநேகிதியிடம் மூன்றையும் சொல்லலாமா?” என்றாள். அவளுடைய சிநேகிதி எம் அடுத்த வீட்டுக் கன்னடப் பெண். தாராளமாகச் சொல் என்றோம்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளுக்குக் கல்கியைப் படித்துக் காட்டுக. ஆனால் மூன்றாம் பாகத்தின் சினத்தோடு நிறுத்திவிடாதீர். நான்காம் பாகத்தின் துயரையும் படித்துக் காட்டுக. இயலுமாயின் ஒருமுறை பாதாமிக்கும் அழைத்துச் செல்லுக. நாம் வாழும் மண்ணின் பெருமையை அறிவது, நாம் பிறந்த மண்ணின் பெருமைக்கு இழுக்கன்று.