பார்ஸி வாக்கியமும் தமிழ் மாணவரும்

பார்ஸி நம் மண்ணுக்கு அந்நிய மொழியன்று. திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூரில் வட்டாட்சியரை மக்கள் இன்றும் தாசில்தார் என்றே அழைக்கின்றனர். அங்கு ஆண்டுதோறும் நடைபெறும் வருவாய்த் தீர்வாயம் ஜமாபந்தி. அதற்குரிய கணக்காண்டு பசலி. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் பார்ஸி ஆட்சிமொழியாக விளங்கியதன் எச்சங்கள் இவை. அலுவல்களிலிருந்து பார்ஸியை விலக்கக் கும்பினி அரசு 1837இல் சட்டம் இயற்றிற்று. அதன் பின்னரும் சொற்கள் நம்மிடையே தங்கின. வாக்கியத்தைப் படிக்கும் ஆற்றல்தான் அருகிவிட்டது.

இதற்குக் கற்பிக்கும் முறையும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. மத்ரஸாக்களில் வழங்கிவந்த ஆமத்நாமா வினை வடிவங்களை மனத்தில் பதிப்பதில் நிகரற்றது. ஆயினும் வாக்கிய அமைப்பை அது விளக்குவதில்லை. அக்குறையை நிரப்ப அரபு நஹ்வின் கலைச்சொற்களே துணைக்கு வருகின்றன. அரபியில் சொல்லின் ஈற்றிலுள்ள இஃராபு அதன் நிலையைக் காட்டும்; பார்ஸியில் அத்தகைய இஃராபே இல்லை.

வினையைப் பொறுத்தவரை, தமிழரின் தாய்மொழியே சிறந்த வழிகாட்டி. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசை இரு மொழிக்கும் பொது. 'ரஃப்தம்' என்பது 'சென்றேன்' என்பதுபோல எழுவாயைத் தன்னுள் அடக்கியது. 'கிதாப் கரீதம்' என்றால் 'புத்தகம் வாங்கினேன்'. 'கிதாப் ரா கரீதம்' என்றால் 'புத்தகத்தை வாங்கினேன்'. குறிப்பிட்ட பொருளைச் சுட்டும்போது 'ஐ' உருபு வருவதுபோலவே 'ரா' வருகிறது. ஸஅதியின் குலிஸ்தான் போன்ற பழைய நூல்களில் அது 'கு' உருபின் பணியையும் ஆற்றும்.

பெயர்த்தொடரிலோ தமிழ்ப் பழக்கம் நம்மை வழிதவறச் செய்யும். தமிழில் அடை முன்னே வரும். பார்ஸியில் பின்னே வரும். 'நேற்று வந்த மனிதர்' என நாம் சொல்வதை அவர்கள் 'மனிதர்' எனத் தொடங்கி, 'கெ' என்னும் இணைப்புச் சொல்லால் தொடர்வர். பெயரையும் அடையையும் பிணைக்கும் இஸாஃபத்தோ பெரும்பாலும் எழுத்தில் தோன்றுவதில்லை. 'துஸுக்-இ-வாலாஜாஹி' என்னும் தலைப்பில் உள்ள இகரம் வாசிப்பவர் சேர்ப்பதே.

இதன் விளைவு சிறிதன்று. நிலக்கொடை ஆவணமொன்றில் ஸமீன், கதீம், மஸ்ஜித் என மூன்று சொற்கள் அடுத்தடுத்து நிற்பதாகக் கொள்வோம். தமிழ்க் காது 'பழைய பள்ளிவாசல்' என்றே கேட்கும். 'ஸமீன்-இ-கதீம்-இ-மஸ்ஜித்' என முறைப்படி வாசித்தால் பொருள் 'பள்ளிவாசலின் பழைய நிலம்'. பழமை நிலத்துக்கு உரியது; பள்ளிவாசலுக்கு அன்று. கடைசி இரு சொற்களும் இடம் மாறினால்தான் 'பழைய பள்ளிவாசலின் நிலம்' கிடைக்கும். நில உரிமையும் ஊர் வரலாறும் எழுதப்படாத ஓர் இகரத்தைச் சார்ந்து நிற்கக்கூடும்.

நவாபுகளின் வரலாறான துஸுக்-இ-வாலாஜாஹியைச் சென்னைப் பல்கலைக்கழக அறிஞர் முஹம்மது ஹுசைன் நயினார் மொழிபெயர்த்தார். முதற்பகுதி 1934இல் வெளிவந்தது. ஆயின் அது ஆங்கிலத்தில் அமைந்த பெயர்ப்பு. அவ்வழியில் தமிழிலேயே பணிசெய்வோர் உருவாக வேண்டுமாயின், பார்ஸிப் பாடம் தொல்காப்பியர் வகுத்த வேற்றுமையிலிருந்து தொடங்கி, இஸாஃபத்தில் நெடுநாள் தங்கிச் செல்வதே தகும்.